கையில் இரண்டு ஒன்பதுகள்

1

இந்த ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகள் நிறைந்த அன்று இரண்டு காரியங்கள் நடந்தன. காலையில் விசா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதியம் சீட்டு மேசையில் எனக்கு இரண்டு ஒன்பதுகள் வந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் பாதிதான் தெரியும். எழுதினால் மீதி புரியுமா பார்ப்போம்.

நான் இருப்பது டக்கோமா. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிறது, மீதி நாள் பெய்யப்போகிறது. நண்டு உடைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் ஏறியவன் நான். பிறகு மஸ்கட்டில் இழுவைப் படகு, துபாயில் ஒரு முகாமில் சமையல். எங்கே போனாலும் கடைசியில் மீன் வாடை அடிக்கிற இடத்தில்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வலது கை நடுவிரல் நுனி இங்கே ஒரு இயந்திரத்தில் போனது. மூன்று வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். தோணியில் போயிருந்தால் சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

கடிதம் என் மனைவி அமலியைப் பற்றியது. அவளை இங்கே அழைக்க நான் போட்டிருக்கும் மனு தொடர்பாக ஒரு வருடமாக எங்களிடமிருந்து தகவல் இல்லையாம். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் மனுவை முடித்துவிடுவார்களாம். அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சடித்திருந்தது. அமலியின் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே பெயர். அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுக்கொண்ட கணினி, மற்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து இப்படி முடிவு கட்டிவிட்டது. திருத்தச் சொல்ல இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். “சார், அதுதான் சரியான முறை” என்றார்கள்.

விஷயம் இதுதான். இங்கே நர்ஸாக இருக்கும் என் அக்கா எங்கள் குடும்பத்துக்கு மனுப் போட்டாள். பதின்மூன்று வருடம் கழித்து எனக்கும் அமலிக்கும் மகள் டெல்சிக்கும் சேர்த்து விசா வந்தது. டிக்கெட் எடுக்கப்போன அன்று அமலி சொன்னாள்: “நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. வாடிக்கையெல்லாம் ஒரு ஆளுட்ட ஒப்படைச்சிட்டு நான் பின்னால வாரேன்.” அவள் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, காயவைத்துக் கருவாடு விற்கிறவள். நான்கு பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். அவள் பின்னால் வரவில்லை. விசா காலாவதியானது. நான் புதிதாக மனுப் போட்டேன். அவர்கள் கேட்டதை அவளுக்கு அனுப்புவேன். போலீஸ் சான்றிதழ் கிடைக்கும்போது போட்டோ பழசாகிவிடும். போட்டோ எடுத்து முடிக்கும்போது சான்றிதழ் பழசாகிவிடும். வரமாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வருகிறேன் என்றும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

2

சீட்டு என்றதும் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பீர்கள். சூதாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அரசாங்கம் உரிமம் கொடுத்து நடக்கிற சூதாட்டம். டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு கூடம், நான்கு மேசை, இலவசமாகக் காபி. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை, மதியம் போய் உட்காருவேன்.

நான் ஆடுவது லிமிட் ஹோல்டம் என்கிற போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு விரிப்பார்கள். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்ட வேண்டும், அல்லது சீட்டை எறிந்துவிட்டு ஒதுங்க வேண்டும். லிமிட் என்றால், ஒரு சுற்றில் இவ்வளவுதான் கட்டலாம் என்று வரம்பு உண்டு. முதல் இரண்டு சுற்றுக்கு நான்கு டாலர், பிந்திய இரண்டுக்கு எட்டு. படத்தில் வருவதுபோல எல்லாவற்றையும் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்ட முடியாது. அதனால் யாரும் பயந்து ஓடவும் மாட்டார்கள். இன்னும் ஒன்றுதானே, பார்த்துவிடலாமே என்று எப்போதும் தோன்றும். என் போன்றவனைக் கெடுப்பது இந்த ‘ஒன்றுதானே’.

கைக்கு வருகிற இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஜோடி. ஏஸ் ஜோடி வந்தால் யோசனையே வேண்டாம், பந்தயத்தை ஏற்று. இரண்டாம் எண், மூன்றாம் எண் மாதிரிச் சின்ன ஜோடி வந்தால் மலிவாக இருந்தால் மட்டும் பார், துணைக்கு அதே எண்ணில் இன்னொன்று விழாவிட்டால் எறி. குழப்பமெல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது என்கிற நடுத்தர ஜோடிகளில்தான். கைக்கு வந்த நேரத்தில் அநேகமாக மேசையிலேயே பெரியது அதுவாகத்தான் இருக்கும். பொதுச் சீட்டு மூன்றும் விரிந்தால் ஐந்துக்கு நான்கு முறை ஒன்பதைவிடப் பெரியதாக ஒன்றாவது வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாவது ஒன்பது விழுவதோ எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறை. பெரியது விழுந்த பிறகு யாரோ பந்தயம் கட்டுவார். அவரிடம் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சும்மாவா? நாம் முன்னால் இருக்கிறோமா, பின்னால் இருக்கிறோமா? ஒன்றும் தெரியாது. எறிய மனசு வராது. திருப்பி அடிக்கத் தைரியம் வராது. நான்கு கொடுத்துப் பார்ப்பேன், எட்டு கொடுத்துப் பார்ப்பேன், இன்னொரு எட்டும் கொடுப்பேன். கடைசியில் எதிராளி ராஜாவைக் காட்டுவார்.

மேசையில் லான் என்று ஒரு வியட்நாமிய அம்மா வருவார். எழுபது வயது. நகம் திருத்தும் கடை வைத்திருந்து விற்றவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு உடைந்திருப்பதால் எங்களுக்குள் எல்லாம் புரியும். ஒருநாள் அவர் சொன்னார்: “உனக்கு ஒன்பது ஜோடி வந்தால் மேசைக்கே தெரியும்.”

“எப்படி?”

“முதுகு நிமிர்கிறது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்காருகிறாய். ராணி ஜோடி வந்தபோதுகூட நீ அப்படி உட்காரவில்லை.”

3

அவர் சொன்னதை வீட்டுக்கு வரும் பேருந்தில் யோசித்தேன். காரணம் கிடைத்தது. கிடைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

நான் சீட்டுப் பிடிக்கக் கற்றது தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், தோணிக்குச் சரக்கு வரும்வரை காத்திருந்த நாட்களில். அங்கே ஆடியது இருபத்தெட்டு. தெற்கே அதை ஆடாத துறைமுகம் இல்லை. அந்த ஆட்டத்தில் பெரிய சீட்டு ஜாக்கி. அதற்கு அடுத்தது ஒன்பது. அதற்குப் பிறகுதான் ஏஸ், பத்து. ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பே கிடையாது, சுழியம். என் கூட்டாளி முருகேசன், ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற சுமைதூக்கும் ஆள், எனக்கு எதிரில் உட்கார்ந்து கத்துவான்: “ஏலே, ராஜாவ வெச்சுக்கிட்டு என்னல முழிக்க? அவன் என்ன ஒங்க மாமனா? தூக்கிப் போடுல!” கையில் இரண்டு ஒன்பது வந்தால் அவன் என் முகத்தைப் பார்த்தே கேள்வியை, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கிற ஏலத்தை, ஏற்றிவிடுவான்.

பதினாலு வயதில் கை பழகியது பழகியதுதான். பெரியது எது, சின்னது எது என்று புத்திக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கைக்கு யார் சொல்வது? மேசையில் ராஜா விழுகிறார். மற்றவர்கள் எல்லாம் நடுங்குகிற இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அலட்சியமாக, இவன் வெத்து ஆளாச்சே என்கிறது. ஒன்பதைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவுக்குப் பயப்படாதவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

இன்னொரு கேடும் உண்டு. இருபத்தெட்டில் எதிரில் உட்காருகிறவன் நம் கூட்டாளி. இங்கே கூட்டாளி என்று யாரும் இல்லை, அவரவர் பாடு. ஆனாலும் எதிரில் இருப்பவர் முகத்தை நான் ஆதரவுக்காகப் பார்க்கிறேன். மேசைக்கு வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் ஒருமுறை என்னிடம், “என் மூக்கில் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டார்.

4

கடிதம் வந்த காலையில் டெல்சி வந்திருந்தாள். பதினைந்து வயதில் என்னோடு வந்தவளுக்கு இப்போது இருபத்தொன்று. இரண்டு தோழிகளோடு தனி வீட்டில் இருக்கிறாள். அவளுடைய தபால்கள் சில இன்னும் என் முகவரிக்கு வருவதால் செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். அவை நின்றுவிட்டால் வருவாளா என்று நான் கேட்டதில்லை.

கடிதத்தை நின்றபடியே படித்தாள். “அப்பா, இத விட்டுடலாமா?”

“விட்டுட்டா அம்மா எப்படி வருவா?”

“அம்மா வர்றேன்னு சொன்னாங்களா?”

“வரமாட்டேன்னும் சொல்லலியே.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இந்தப் பழக்கம் அமலியிடமிருந்து வந்தது. “அம்மாட்ட நான் டெய்லி பேசுறேன். ஃபிஷ் பத்தி பேசுவாங்க, என் ஹேர் பத்தி பேசுவாங்க. இத மட்டும் பேச மாட்டாங்க. நீங்களும் பேச மாட்டீங்க. நடுவுல ஃபார்ம் ஃபில் பண்றது மட்டும் நான். படிப்பு முடிஞ்சதும் நான் டெக்சாஸ் போறேன்ப்பா. வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சு. இதுதான் கடைசி ஃபார்ம்.”

டெக்சாஸ் போவதை அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். “சரி” என்றேன்.

அவள் பழைய படிவத்தின் நகலை எடுத்தாள். அதில் ஒரு கேள்வி: கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வசித்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. அதை நிரப்பிய அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு எனக்கு நினைவிருந்தது. மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த மாதங்களை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இதெல்லாம் விசிட். சேர்ந்து வாழ்ந்தது எப்பன்னு கேக்குறாங்க.” கடைசியில் ஏதோ ஒன்றை எழுதினோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் வரவு தடைப்படும் என்பார்கள். தோணிக்காரன் வீட்டில் அது இன்னும் கண்டிப்பு. அமலி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை, அதுதான் பிரியம் என்று எனக்கும் பழகிவிட்டது. அவள் தங்கிவிட்டபோது நானும் அதே மரியாதையைத்தான் காட்டினேன். நீ எப்போது வருவாய் என்று ஆறு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் வரவேண்டியது கடலில் அல்ல, விமானத்தில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

5

டெல்சி போன பிறகு நான் கூடத்துக்குப் போனேன். வீட்டில் இருந்து கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது மேல்.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இஸ்பேடு ஒன்பது, டைமன் ஒன்பது. முதுகை நிமிர்த்தாமல் இருக்க முயன்றேன். பந்தயத்தை ஏற்றினேன். லானும் அந்த லாரி ஓட்டுநரும் மட்டும் கூட வந்தார்கள். மூன்று சீட்டு விரிந்தது: ராஜா, ஏழு, நான்கு. லான் நான்கு டாலரை நடுவில் வைத்தார். லாரிக்காரர் சீட்டை எறிந்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் நானும் நான்கை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். முந்தின வாரம் இதே மாதிரி ஒரு கையில் கடைசிவரை பின்னாலேயே போய்த் தோற்றபோது லான் சொல்லியிருந்தார்: “நீ பணம் மட்டும் கொடுக்கிறாய், கேள்வி கேட்பதில்லை. பின்னாலேயே வந்தால் நான் யாரென்று உனக்கு எப்படித் தெரியும்? சின்னப் பந்தயம் நடக்கும்போதே ஒருமுறை ஏற்றிப் பார். என்னிடம் இல்லாவிட்டால் ஓடிவிடுவேன். இருந்தால் திருப்பி அடிப்பேன். எப்படியும் உனக்குப் பதில் கிடைக்கும்.”

ஏற்றினேன். லான் என்னைப் பார்த்தார், யோசிக்காமல் திருப்பி ஏற்றினார்.

சீட்டை எறிந்தேன். ஒன்பது ஜோடியை நான் பாதியில் எறிவது அந்த மேசையில் அதுதான் முதல் தடவை. விற்பனைக்கு வந்த வீட்டைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லான் காட்ட வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ராஜாவும் ராணியும்.

“பார்த்தாயா? எவ்வளவு மலிவாகத் தெரிந்துகொண்டாய்!” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். காலையில் வந்த கடிதம்தான் நினைவுக்கு வந்தது. அமலிக்காக நான் கட்டணம் கட்டினேன், படிவம் அனுப்பினேன், புகைப்படத்துக்கு ஆள் அனுப்பினேன். அவளிடம் கேள்வி கேட்கவில்லை. மனைவியையும் சீட்டையும் ஒரே தராசில் வைப்பது மடத்தனம், தெரியும். ஆனால் எனக்கு வேறு தராசு கைவசம் இல்லை. கேட்டு, அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டால்? இதுவரை என் கையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாவது இருந்தேனே.

6

சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வந்து பேருந்து நிழற்குடையில் நின்று அழைத்தேன். அங்கே மறுநாள் காலை ஆறரை. கரையில் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டது.

“என்ன டெல்சி அப்பா, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. விசா ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்கு.”

“மறுபடியும் போட்டோவா? போன தடவ காது தெரியலன்னானுவ. என் காத வெச்சு என்ன செய்யப் போறானுவளோ.”

“போட்டோ இல்ல. ஒண்ணு கேக்கணும்.”

“வெரசாக் கேளுங்க, ஏலம் தொடங்கப் போவுது.”

“ஏளா, நீ வாரியா இல்லியா?”

யாரோ அவளை “அமலியக்கா, கூடை” என்று கூப்பிடுவது கேட்டது. நடந்து கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“இன்னைக்கு என்னத்துக்குக் கேக்கிய?”

“தெரிஞ்சுக்கத்தான். பின்னால வாரேன்னு சொன்னியே.”

“சொன்னேன். வான்னு நீங்க சொன்னியளா? இங்கன கையெழுத்துப் போடு, அங்கன கையெழுத்துப் போடு. தபால்காரன் மாதிரில்ல அனுப்பிக்கிட்டு இருக்கிய. நான் வந்தா ஒங்களுக்குச் சந்தோசமா, தொந்தரவா? ஒரு வார்த்த சொன்னியளா? கடமைக்கு மனுப் போட்ட மனுசன நம்பி நான் எப்படி நாலு பேரு பொழப்ப மூடிட்டு வாரது?”

தொழிலை விட மனசில்லாமல்தான் அவள் வரவில்லை என்று நான் நினைத்திருந்தேன். கடமைக்காகத்தான் நான் கூப்பிடுகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் கேட்டதும்தான் எனக்கு உண்மையான குழப்பம் பிடித்தது. அவள் வருவதில் எனக்குச் சந்தோஷமா? என் வீட்டில் ஒரே அறை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் அவளோடு இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் பேசுகிற ஆளா, காபி குடிக்கும்வரை பேசாத ஆளா என்றுகூட எனக்குத் திட்டமாகத் தெரியாது. லீவு நாளில் எல்லாரும் எழுந்ததும் பேசத்தான் செய்வார்கள்.

“வா” என்றேன்.

“என்னது?”

“வா, அமலி. நீ வந்தா எனக்கு நல்லாருக்கும்.”

“நல்லாருக்குமா?”

“நெனைக்கேன்.”

“நெனைக்கியளாம்!” சிரித்தாள். “செத்த இருங்க.” போனைக் கையால் மூடியும்கூட அவள் ஏலக்காரனிடம் கத்தியது தெளிவாகக் கேட்டது: “அண்ணாச்சி, அந்தச் சாளக்கூடை எனக்கு! முடிச்சிருங்க!” ஒரே கேள்விதான். யாரும் மேலே ஏற்றவில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்தபோது அவள் குரல் வியாபாரக் குரலாக மாறியிருந்தது.

“நல்லாக் கேளுங்க. சித்திர பொறந்ததும் ரெண்டு மாசம் தடைக்காலம், போட்டு ஒண்ணும் கடலுக்குப் போவாது. எனக்கும் வேல கொறவு. அப்ப வாரேன். ரெண்டு மாசம் இருந்து பாக்கேன். ஒத்து வந்தா யோசிப்போம், இல்லன்னா தொழில் தொடங்கையில திரும்பிருவேன். இத்தன வருசம் நீங்க எனக்கு அப்படித்தான வந்திய?”

அதற்கு என்ன விசா, எந்தப் படிவம், போட்டிருக்கிற மனு என்ன ஆகும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.